'நீங்கள் சேமித்தது ரூ. 1,140': அந்தப் பணம் எங்கே?

கேள்வி: நாங்கள் பல்லாவரத்தில் இருக்கிறோம். வீட்டில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும். பதினோரு வருடமாகத் தெருமுனை அண்ணாச்சி கடையில்தான் மாதச் சாமான் வாங்கினோம். போன வருடம் ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் பெரிய தள்ளுபடிக் கடை ஒன்று திறந்ததிலிருந்து அங்கே போகிறோம். ஒவ்வொரு பில்லின் அடியிலும் ஆயிரம், ஆயிரத்து இருநூறு சேமித்ததாக வருகிறது. ஆனால் மாதக் கடைசியில் அந்தப் பணம் கையில் இல்லை. மளிகைச் செலவு முன்னைவிடக் கூடித்தான் போயிருக்கிறது என்கிறார் கணவர். கடை மாறியது தப்பா? திரும்ப அண்ணாச்சியிடம் போகவும் கூச்சமாக இருக்கிறது. போன மாத பில்லையும், அதே சாமான்களுக்கு அண்ணாச்சி கடை விலையையும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அண்ணாச்சி கடை விலையையும் எழுதி அனுப்பினீர்களே, அதுதான் பெரிய உதவி. பொதுவாக இப்படிக் கேட்பவர்கள் பில்லை மட்டும் அனுப்புவார்கள். பில்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அதன் அடியில் இருக்கும் 'சேமித்தது' என்ற வரி உங்களுக்காகப் போட்ட கணக்கு இல்லை.

அந்த 1,140 ரூபாய் எப்படி வந்தது? ஒவ்வொரு பாக்கெட்டின் எம்.ஆர்.பி.யையும் கூட்டி, நீங்கள் கொடுத்ததைக் கழித்திருக்கிறார்கள். எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்த்து, இதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு. அண்ணாச்சியும் பல சாமான்களை அதற்குக் கீழேதான் கொடுக்கிறார், பில்லில் அச்சடித்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான். உங்கள் பில்லில் துவரம்பருப்பைப் பாருங்கள். கிலோ எம்.ஆர்.பி. 210, கடை விலை 148, சேமிப்பு 62. அந்தப் பாக்கெட் கடையின் சொந்தப் பெயரில் வருவது. பாக்கெட் போடுகிறவரே எம்.ஆர்.பி.யையும் அச்சடிக்கிறார். தானே 210 என்று போட்டுக்கொண்டு, தானே 62 ரூபாய் குறைத்தும் கொடுத்தால் அதில் சேமிப்பு என்ன இருக்கிறது? நீங்கள் எழுதியபடி அண்ணாச்சியிடம் உதிரியாக அதே பருப்பு 152. ஆக, உண்மையான வித்தியாசம் 4 ரூபாய்.

பில்லில் 43 வரிகள். வீட்டிலிருந்து நீங்கள் எழுதிக்கொண்டு போன சீட்டில் 26 சாமான். அந்த 26-க்கும் நீங்கள் கொடுத்தது 5,076. அண்ணாச்சி விலையில் 5,402. குறைந்தது 326 ரூபாய். போகும்போது பஸ், திரும்பும்போது மூட்டை முடிச்சோடு ஆட்டோ 150 என்று எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் 176. சீட்டில் இல்லாத மீதி 17 வரிகளுக்குப் போனது 1,836 ரூபாய்: மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா இரண்டு செட், கால்மிதி, பையனுக்கு டி-ஷர்ட், மூன்று விதமான பிஸ்கட், ஒரு வாணலி. இதெல்லாம் வேண்டாதது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. வாணலி தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அண்ணாச்சி கடையில் வாணலியும் கிடையாது, டி-ஷர்ட்டும் கிடையாது. அங்கே போனபோது இந்தச் செலவு 'மளிகை' என்ற தலைப்பில் வந்திருக்காது. கணவர் சொல்வது சரிதான்.

இதில் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் வியாபாரம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. 2002-இல் மும்பை பவாயில் முதல் கடை திறந்த டீமார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடை இருக்கும் கட்டடத்தைப் பெரும்பாலும் சொந்தமாக வாங்கிவிடுவார்கள், அதனால் வாடகைச் சுமை இல்லை. சரக்கு அனுப்பும் கம்பெனிக்குச் சில நாட்களிலேயே பணம் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக விலையைக் குறைத்து வாங்குவார்கள். பத்து பிராண்டுக்குப் பதில் ஓடுகிற மூன்று நான்கைத்தான் வைப்பார்கள், சரக்கு தேங்காது. இப்படி மிச்சமாவதில் ஒரு பகுதி உண்மையாகவே நமக்கு வருகிறது. ஆனால் பருப்பிலும் எண்ணெயிலும் லாபம் மெல்லியது. துணி, பாத்திரம், பிளாஸ்டிக் சாமானில்தான் லாபம் கொஞ்சம் தாராளமாக வைக்கலாம். அந்தக் கம்பெனியின் விற்பனையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த வகைதான். பருப்பு உங்களை உள்ளே கூப்பிடுகிறது, டப்பாவும் டி-ஷர்ட்டும் கடைக்கு லாபம் கொடுக்கின்றன.

சரி, அந்த 326 ரூபாய் எதில் குறைந்தது? முக்கால்வாசி நாலே பொருளில்: சலவைத்தூள், டீத்தூள், பற்பசை, நெய். எல்லாம் பெரிய கம்பெனி பிராண்டுகள். இந்தச் சரக்கை அண்ணாச்சி ஏஜென்சிக்காரரிடமிருந்து வாங்குகிறார், பெரிய கடை கம்பெனியிடமிருந்தே நேராக எடுக்கிறது. ஒரே சோப்பு இருவருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. 2021 இறுதியில் இதே காரணத்துக்காக இந்த ஏஜென்சிக்காரர்களின், அதாவது விநியோகஸ்தர்களின், அகில இந்தியக் கூட்டமைப்பு கம்பெனிகளோடு மோதியது. பெரிய கடைகளுக்குக் கொடுக்கும் அதே விலையை எங்களுக்கும் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. அண்ணாச்சி இந்தப் பொருட்களில் போட்டி போடவே முடியாது, அவரைக் கோபித்துப் பலனில்லை. மாறாக அரிசி, பருப்பு, புளி, மிளகாய் போன்ற உதிரிச் சாமானில் அவர் நன்றாகவே ஈடுகொடுக்கிறார். உங்கள் பட்டியலில் குண்டு மிளகாயும் புளியும் அவரிடம்தான் விலை குறைவு. பழைய பொன்னியா புதுசா என்று கேட்டு, ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்து வாங்கலாம். ஒட்டிய பாக்கெட்டில் அதற்கு வழியில்லை.

எண்ணெயில் நீங்கள் ஏமாந்திருக்கிறீர்கள், இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். வழக்கமாக வாங்கும் நல்லெண்ணெய் ஒரு லிட்டர் பாக்கெட் 190 ரூபாய். பக்கத்திலேயே அதே அளவு பாக்கெட் 182-க்கு இருந்ததால் அதை எடுத்தீர்கள். நீங்கள் அனுப்பிய பாக்கெட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மூலையில் 850 கிராம் என்று இருக்கிறது. ஒரு லிட்டர் எண்ணெய் என்பது சுமார் 910 கிராம். அதன்படி முதல் பாக்கெட் கிலோ 209 ரூபாய், நீங்கள் எடுத்தது கிலோ 214. முன்பு எண்ணெய், டீ, பிஸ்கட், சோப்புக்கெல்லாம் இந்தந்த எடையில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று விதி இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். அதற்கு ஈடாக ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும் என்றார்கள். அதிலும் இரண்டு சிக்கல். கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் கணக்கு, அதற்கு மேற்பட்டதில் கிலோ கணக்கு, அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கண் பழக வேண்டும். இன்னொன்று, அச்சடித்திருப்பது எம்.ஆர்.பி.யை வகுத்து வந்த எண். நீங்கள் கொடுக்கப்போவதோ தள்ளுபடி விலை. ஆகவே போனில் கால்குலேட்டரைத் திறந்து, அலமாரிச் சீட்டில் உள்ள விலையை எடையால் வகுத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. பத்து விநாடி வேலை.

பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஷாம்புவில் பெரும்பாலும் கதை தலைகீழ். கடலூர்க்காரர்கள் நாடு முழுக்கப் பழக்கிவிட்ட சாஷே, அண்ணாச்சி கடை வாசலில் தோரணமாகத் தொங்குகிறதே, அது பல பிராண்டுகளில் பாட்டிலைவிட மில்லிக்கு மலிவு. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்றால் காலாவதித் தேதியைப் பார்க்காமல் கூடையில் போடாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் ஐந்து கிலோ ரவையும் கடலைமாவும் வாங்கி வைத்தால் பாதி வண்டுக்குத்தான்.

என் அனுபவம் ஒன்று. பல கிளைகள் உள்ள பெரிய கடை ஒன்றில் அலமாரிச் சீட்டில் 99 என்று போட்டிருந்த காபித்தூள் பில்லில் 128 ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். மறுநாள் போய்க் கேட்டால், 'அந்த ஆஃபர் ஞாயிற்றுக்கிழமையோடு முடிஞ்சிருச்சு, சீட்டை எடுக்க மறந்துட்டாங்க' என்றார்கள். 29 ரூபாயைத் திரும்பக் கொடுத்தார்கள், ஆனால் ஒரு காலை போனது. அன்றிலிருந்து கவுன்டரைத் தாண்டுவதற்கு முன்பே பில்லைப் பார்த்துவிடுகிறேன். பின்னால் நிற்பவர்கள் முறைத்தால் முறைக்கட்டும். போன் நம்பர் சொன்னால்தான் பில் வரும் என்று அடம்பிடித்தால் தர வேண்டியதில்லை. கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினாலோ எடை குறைந்தாலோ, நம் மாநிலத்தில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. மற்ற புகார்களுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இனி என்ன செய்யலாம்? முழுசாக இங்கே அல்லது முழுசாக அங்கே என்று முடிவெடுக்க வேண்டாம். சலவைத்தூள், பற்பசை, டீத்தூள், நெய், பாத்திரம் கழுவும் சோப்பு: கெடாதவை, பிராண்டு மாறாதவை. இவற்றை மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெரிய கடையில் வாங்குங்கள். வாரநாள் காலையில், சாப்பிட்டுவிட்டு, முடிந்தால் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது போங்கள். தள்ளுவண்டி வேண்டாம், கைக்கூடை போதும். கை வலிக்கத் தொடங்கும்போது கவுன்டருக்குப் போய்விடுவீர்கள். அரிசி, பருப்பு, மசாலா, தேங்காய், அவசரத்துக்கு வேண்டிய எல்லாமே தெருமுனையில். டி-ஷர்ட்டையும் வாணலியையும் மளிகைக் கணக்கிலிருந்து பிரித்துத் தனியாக எழுதுங்கள். மூன்று மாதம் எழுதினால் போதும், கணவரும் நீங்களும் வாக்குவாதம் செய்யத் தேவையிருக்காது.

இந்த யோசனை எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. எட்டுப் பேர் இருக்கும் கூட்டுக் குடும்பம், சொந்த வண்டி, சாமான் வைக்கத் தனி அறை இருந்தால் தள்ளுபடிக் கடை நிச்சயம் லாபம். டயபர் வாங்கும் வீட்டுக்கும் அப்படியே. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கும், வாரச் சம்பளக்காரர்களுக்கும் அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. கால் கிலோவும் அங்கே கிடைக்காது, கடனும் கிடையாது.

சென்னையில் உங்களுக்கு முன்னால் ஒரு தலைமுறை இதைப் பார்த்துவிட்டது. 1997-இல் தொடங்கிய சுபிக்ஷா எம்.ஆர்.பி.யில் குறைத்து விற்று, நாடெங்கும் ஆயிரத்து அறுநூறு கடை வரை வளர்ந்து, 2009 வாக்கில் மூடிப்போனது. அப்போது தெருக் கடையைக் கைவிட்டிருந்த பல வீடுகள் மறுபடி நோட்டைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியிடம் போயின. 2020 ஊரடங்கில் யார் வீட்டு வாசலில் பால் பாக்கெட்டும் அரிசியும் வந்து இறங்கின என்பது உங்களுக்கே தெரியும்.

கடைசியாக, கூச்சம். பெரிய கடைப் பையோடு நீங்கள் ஆட்டோவில் இறங்குவதை அவர் ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார், சொல்லி விளக்க ஒன்றுமில்லை. அடுத்த மாதம் முதல் தேதி தெருமுனையில் வாங்க வேண்டியதையெல்லாம் எழுதிய சீட்டோடு போய், 'அண்ணாச்சி, இது மொத்தமா எவ்வளவு ஆகும், ரொக்கமா குடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?' என்று நேராகக் கேளுங்கள். மாதச் சீட்டுக்கு நூறு, நூற்றைம்பது குறைக்கிற கடைக்காரர்கள் நிறையப் பேர். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கேட்காமலே பையில் விழும்.