ஓடும்போது போனை எங்கே வைத்துக்கொள்வது?

கேள்வி: தினமும் காலையில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டபடி ஜாகிங் செய்கிறேன். போனை ட்ராக் பேண்ட் பையில் வைத்தால் தொடையில் அடித்துக்கொண்டே இருக்கிறது, பேண்டும் கீழே இறங்குகிறது. ஆர்ம்பேண்ட் வியர்வையில் நழுவுகிறது, இறுக்கிக் கட்டினால் கை மரத்துப்போகிறது. கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் தோள் வலிக்கிறது. எடை குறைந்த போன் ஒன்று வாங்குவதுதான் வழியா?

பதில்: இதற்காகப் புதிய போன் வாங்க வேண்டியதில்லை. இன்றைய போன்களில் பெரும்பாலானவை 170 முதல் 230 கிராம் வரை எடை கொண்டவை. உடலோடு ஒட்டி அசையாமல் இருந்தால், அந்த எடை சிறிது நேரத்தில் மறந்தே போய்விடும். உங்களுக்குத் தொல்லை தருவது எடையைவிட, போனுக்கும் பைக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான். மெதுவாக ஓடுபவர்கூட நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 170 அடிகள் எடுத்து வைக்கிறார். ஒவ்வோர் அடியிலும் உடல் சில சென்டிமீட்டர் எழும்பி இறங்குகிறது. கால் தரையில் பட்டு உடல் மறுபடி எழத் தொடங்கும் வேளையில், தளர்ந்த பைக்குள் கிடக்கும் போன் இன்னும் கீழ்நோக்கியே போய்க்கொண்டிருக்கும். இரண்டும் எதிரெதிராகச் சந்திக்கும்போது உண்டாகும் மோதலைத்தான் நீங்கள் தொடையில் அடியாக உணர்கிறீர்கள். நாற்பது நிமிடத்தில் இது ஆயிரக்கணக்கான தடவை நிகழ்கிறது. குறைகுடம் தளும்பும் என்பது பைக்கும் பொருந்தும்: போன் கச்சிதமாக நிறைந்திருக்கும் பை ஆடாது.

அடுத்ததாகக் கவனிக்க வேண்டியது, போன் உடலின் நடுப்பகுதியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. ஓடும்போது கைகளும் கால்களும் முன்னும் பின்னும் வீசப்படுகின்றன. அவற்றில் கட்டிய எடையை ஒவ்வொரு வீச்சிலும் முடுக்கி, நிறுத்தி, திருப்ப வேண்டியிருக்கிறது. கையில் பிடித்திருப்பவர் போன் விழுந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையில் விரல்களைத் தம்மையறியாமல் இறுக்குகிறார். அந்த இறுக்கம் முன்கை வழியாகத் தோள்வரை ஏறுகிறது. உங்கள் தோள்வலிக்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். இடுப்புப் பகுதியோ உடலின் எடைமையத்துக்கு அருகில் இருப்பதால், அங்கே வைக்கும் பொருள் ஓட்டத்தை மிகக் குறைவாகவே பாதிக்கிறது.

ஆர்ம்பேண்ட் ஒரு காலத்தில் நியாயமான பொருளாகத்தான் இருந்தது. 2010-இல் வந்த ஐபோன் 4 வெறும் 137 கிராம், அதன் திரை மூன்றரை அங்குலம். இன்றைய ஆறரை அங்குலப் போனைச் சராசரியான மேற்கையில் கட்டினால், அது தோள்மூட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே உள்ள இடத்தில் ஏறத்தாழப் பாதியை அடைத்துக்கொள்கிறது. கை மரத்துப்போவது பட்டை மிக இறுக்கமாக இருக்கிறது என்பதற்கான அடையாளம். அதைப் பொறுத்துக்கொண்டு ஓடாதீர்கள். இருக்கும் ஆர்ம்பேண்டையே பயன்படுத்த விரும்பினால், வெறும் தோலின் மேல் கட்டாமல் டி-ஷர்ட்டின் கைப்பகுதிக்கு மேல், வெளிப்புறமாகக் கட்டிப் பாருங்கள். துணி வியர்வையை உறிஞ்சுவதால் நழுவல் குறையும். வெல்க்ரோவில் நூலும் அழுக்கும் சேர்ந்தால் பிடிப்பு போய்விடும் என்பதால் அதை அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும்.

என் முதல் பரிந்துரை, ஓடுபவர்களுக்கென்றே விற்கப்படும் இடுப்பு பெல்ட். வாங்கும்போது, சுற்றிலும் குழாய்போல் தைக்கப்பட்டு எங்கும் நீண்டுகொடுக்கும் துணியால் ஆன வகையைத் தேர்ந்தெடுங்கள். நாடாவில் தனியாகத் தொங்கும் பவுச் உள்ள பெல்ட்டில், அந்தப் பவுச் ஒவ்வோர் அடிக்கும் தானாக ஒரு ஆட்டம் போடும். பெல்ட் மேலே மேலே ஏறுகிறது என்று பலர் குறைபட்டுக்கொள்வதற்குக் காரணம், அதை இடுப்பின் ஒடுங்கிய பகுதியில் கட்டுவதுதான் என்பது என் கணிப்பு. இருபுறமும் கைக்குத் தட்டுப்படும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பை ஒட்டி, சற்றுக் கீழே இறக்கி அணிந்தால் அது நிலையாக நிற்கும். தொப்பை உள்ளவர்கள் போனை முன்பக்கம் வைக்காமல் முதுகின் அடிப்பகுதிக்கு நேராகத் திருப்பிக்கொள்வது நல்லது. சுடிதார் அணிந்து ஓடும் பெண்கள் இதே பெல்ட்டை டாப்ஸுக்கு உள்ளே, லெகிங்ஸின் மேல் அணியலாம். பையே இல்லாத உடைக்கு இதைவிட எளிய தீர்வு எனக்குத் தெரியவில்லை.

பெல்ட் பிடிக்காதவர்களுக்கு, தொடையின் பக்கவாட்டில் பை வைத்த, உடலைக் கவ்விப் பிடிக்கும் ஷார்ட்ஸ் உண்டு. தொடை ஆடினாலும் துணி போனை இறுகப் பிடித்திருப்பதால் அடி விழாது. செலவு செய்ய விருப்பமில்லை என்றால், துணி ஆல்டர் செய்யும் தையல்காரரிடம் சொல்லி, ட்ராக் பேண்டின் பின்புற இடுப்புப் பட்டிக்குக் கீழே உட்புறமாக ஒரு லைக்ரா பை வைத்துக்கொள்ளலாம். பையின் அகலம் போனைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். நேர்த்தையல் போட்டால் துணி நீளும்போது நூல் அறுந்துவிடும்; ஆகவே ஜிக்ஜாக் தையல் கேளுங்கள். இடுப்பு நாடாவை இறுக முடிச்சிடவும் மறக்காதீர்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும், வெளியே கிளம்பும் முன் வீட்டிலேயே நின்ற இடத்தில் சில முறை குதித்துப் பாருங்கள். போன் உங்களோடு எழும்பி உங்களோடு இறங்கினால் சரி, உங்களுக்குப் பின்னால் தாமதமாக வந்து இடித்தால் இன்னும் இறுக்க வேண்டும். வீட்டுச் சாவியை அதே பையில் போடாதீர்கள்.

போனை இடம் மாற்றும்போது எதிர்பாராத ஒரு சிக்கல் வரலாம். ப்ளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை, பெரும்பகுதி நீராலான நம் உடல் நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. அறைக்குள் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் எப்படியோ காதை வந்தடைந்துவிடும். கடற்கரை, விளையாட்டு மைதானம் போன்ற திறந்த வெளியில் அந்த உதவி கிடைப்பதில்லை. இதனால் முதுகுப்பக்கம் வைத்த போனிலிருந்து பாட்டு விட்டுவிட்டுக் கேட்டால், இயர்பட்ஸ் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டாமல், பெல்ட்டை வலப்பக்கமோ இடப்பக்கமோ சற்று நகர்த்திப் பாருங்கள். வயர் உள்ள இயர்போன் என்றால் வயரை டி-ஷர்ட்டுக்கு உள்ளே விட்டு, கழுத்தருகே கொஞ்சம் தளர்வாக வைத்துக் காலரில் கிளிப் போடுங்கள். வயர் துணியில் உரசும் ஒலி காதில் இடிப்பது இதனால் வெகுவாகக் குறையும்.

பாட்டு மட்டும் போதும், அழைப்புகள் வேண்டாம் என்பவர்களுக்கு, சட்டையில் கிளிப் போடும் சிறிய எம்பி3 பிளேயரே மிகச் சிறந்தது. 2006-இல் வந்த ஐபாட் ஷஃபிள் 16 கிராம்கூட இல்லை. 2017-இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது என் பார்வையில் ஓடுபவர்களுக்கு இழப்புதான். வேறு நிறுவனங்களின் கிளிப் பிளேயர்கள் கிடைக்கின்றன. பாடல்களைச் சேமித்து வைக்கும் ஸ்மார்ட்வாட்ச் இருந்தாலும் போனை வீட்டில் விட்டுச் செல்லலாம். ஜிபிஎஸ்ஸும் பாட்டும் சேர்ந்து ஓடினால் பேட்டரி விரைவாக இறங்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். தனியாக ஓடுபவர் என்றால், அவசரத்துக்குப் போன் உடன் இருப்பதையே நான் விரும்புவேன்.

சாலையோரம் ஓடுகிறீர்கள் என்றால் ஒரு காதில் மட்டும் இயர்பட் வைத்துக்கொண்டு, நடைபாதை இல்லாத இடத்தில் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி ஓடுங்கள்.

கடைசியாக வியர்வை. போன்களுக்கான நீர் எதிர்ப்புச் சோதனைகள் நன்னீரில் நடத்தப்படுபவை. வியர்வையில் உள்ள உப்போ சார்ஜ் போடும் துளையின் உலோக முனைகளை அரிக்கக்கூடியது. சென்னை போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் துணிப் பை விரைவில் ஊறிவிடும் என்பதால், போனை ஒரு மெல்லிய ஜிப் கவரில் போட்டுப் பைக்குள் வைக்கலாம். வீடு திரும்பியதும் கவரிலிருந்து எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, துளை நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள்.