மைக்கைப் பிடித்தால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காமராஜர் நாலு வார்த்தைதான் பேசினார், அண்ணா அடுக்குமொழியில் கொட்டினார். இரண்டும் எப்படி எடுபட்டது? (மதுரை வாசகர்)

பதில்: தமிழில் சபைக்கு ஒரு மொழி, திண்ணைக்கு ஒரு மொழி. பேசுகிறவர் எதை எடுக்கிறார் என்பதை வைத்தே அவர் எப்படிப்பட்டவர் என்று காது முடிவு கட்டிவிடும். செந்தமிழ் என்றால் 'விஷயம் தெரிந்தவர்'. பேச்சுத்தமிழ் என்றால் 'நம்ம ஆள், ஒளிக்கமாட்டார்'. காமராஜரின் 'ஆகட்டும், பார்க்கலாம்' மழுப்பலாகப் படாததற்கு அதுதான் காரணம். அண்ணா இரவு வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்த ஒரு கூட்டத்தில் சித்திரை, பத்தரை, நித்திரை, முத்திரை என்று எதுகை வைத்துப் பேசியதாக இன்றும் சொல்வார்கள். மாதம், மணி, தூக்கம் மூன்றும் கூட்டத்துக்குத் தெரிந்த சங்கதி. நான்காவதாக வரும் முத்திரைதான் அவர் கேட்க வந்த ஓட்டு! முதல் மூன்றுக்குத் தலையாட்டிய காது நான்காவதையும் தடுக்காது. சரக்கில்லாதவர் இதைச் செய்தால் நாடக வசனமாகிவிடும். (காமராஜரின் காங்கிரஸ் தோற்று அண்ணாவின் தி.மு.க. வென்ற 1967 தேர்தலைப் பேச்சு மட்டும் தீர்மானிக்கவில்லை, அரிசித் தட்டுப்பாடும் மொழிப் போராட்டமும் இருந்தன.)

கேள்வி: பிரிட்டன் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் குரலையே மாற்றிக்கொண்டாராமே? (கோவை வாசகி)

பதில்: ஆமாம், பயிற்சி எடுத்துத் தாழ்த்திக்கொண்டார். ஒரே வாக்கியத்தைப் பதிவு செய்து, சுருதியை மட்டும் ஏற்றியும் இறக்கியும் கேட்கவைத்த அமெரிக்க ஆய்வு 2012-ல் வந்தது. ஆண் குரலானாலும் பெண் குரலானாலும், தாழ்ந்த குரலுக்கே ஓட்டு அதிகம். ஆனால் தாட்சருக்கு வேறொரு சிக்கல் இருந்தது. பேட்டிகளில் பேச்சை முடிக்குமுன்பே சுருதி சட்டென்று இறங்கிவிடும். முடித்துவிட்டார் என்று நினைத்துப் பேட்டியாளர் குறுக்கே புகுந்துவிடுவார். 1982-ல் இதை அலசி ஒரு கட்டுரையே வந்தது.

கேள்வி: வார்டு தேர்தலில் நிற்கிறேன். நன்றாகத்தான் பேசுகிறேன், கைதட்டல்தான் வரமாட்டேன் என்கிறது. (தஞ்சை வாசகி)

பதில்: வாக்கியத்தின் கடைசியைப் பாருங்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். 'தருவேன்', 'தரமாட்டேன்' என்பதெல்லாம் அங்கேதான். மூச்சு தீர்ந்துபோய் அந்த இடத்தை விழுங்கினால், பாதி வாக்கியம் கேட்டவருக்கு நீங்கள் தயங்குகிறவராகத் தெரிவீர்கள். வாக்கியத்தைப் பத்துச் சொல்லுக்குள் நிறுத்துங்கள். வினைக்கு மூச்சை மிச்சம் வையுங்கள்.

பிறகு மூன்றடுக்கு: 'தண்ணி வரல, விளக்கு எரியல, கேட்கப் போனா ஆபீஸ்ல ஆளே இல்ல!' மூன்றாவது நீளமாக இருக்கட்டும். அங்கே முடியப்போகிறது என்று கூட்டத்துக்குப் புரியவேண்டும். 1981-ல் நடந்த பிரிட்டன் கட்சி மாநாடுகளின் 476 பேச்சுகளை ஆராய்ந்ததில், கைதட்டலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இப்படி மூன்றடுக்கு, முரண் உள்ளிட்ட ஏழு உத்திகளை ஒட்டியே எழுந்தது. முடித்ததும் ஒரு நொடி வாயை மூடுங்கள். பலரும் உடனே 'அதுமட்டுமல்ல' என்று ஆரம்பித்து, தட்ட எழுந்த கையை மடியில் இறக்கிவிடுகிறார்கள்.

குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். 100 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் சத்தம் மேடையடிக்கு ஏறத்தாழ 0.3 நொடி பிந்தி வரும். வேகமாகப் பேசினால் ஒரு சொல்மேல் இன்னொன்று ஏறும். கூட்டத்துக்கு முன்பே இரண்டு குழாய்க்கு நடுவில் ஒருவரை நிறுத்தி, நீங்கள் மைக்கில் வாக்காளர் எண்களை வாசியுங்கள். அவர் தப்பில்லாமல் எழுதிக்கொள்ளும் வேகம்தான் உங்கள் வேகம்.