தொழில் கேள்வி – பதில்: கருவி சரி, சீட்டுதான் சரியில்லை

கேள்வி: காப்பிக்கொட்டையின் ஈரப்பதம் காட்டும் கருவி செய்து ஏற்காட்டில் விற்கிறேன். பாகங்களுக்கு 2,300 ரூபாய் ஆகிறது, 2,800-க்குத் தருகிறேன். ஓராண்டில் 6 தான் போனது. நல்ல பொருள் தானாக விற்காதா? துண்டுச் சீட்டை இணைத்துள்ளேன்.
— வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: விற்காது. சீட்டின் முதல் வரியே ‘கெப்பாசிட்டிவ் சென்சார், துல்லியம் 0.5 சதவீதம்’. பார்ச்மென்ட்டை (பழத்தோல் நீக்கி, உள்தோலோடு காயவைத்த கொட்டை) பல்லில் கடித்துப் பதம் பார்க்கும் நாகலூர் தோட்டக்காரருக்கு அதில் என்ன இருக்கிறது? அவருக்கு மூட்டைக் கணக்கைச் சொல்லுங்கள். 10 சதவீத ஈரத்தில் 50 கிலோ நிற்கும் மூட்டை, 8 சதவீதத்துக்குக் காய்ந்துவிட்டால் 48.9 கிலோ. 40 மூட்டைக்கு ஏறக்குறைய 43 கிலோ களத்திலேயே போய்விடுகிறது. அதை அன்றைய விலையால் அவரே பெருக்கிக்கொள்வார். காயாமல் 13-ல் கட்டினால் பூஞ்சை பிடிக்கும் என்பதையும் சேருங்கள். சென்சார் பின்பக்கம் போகட்டும்.

அடுத்தது, களத்தில் இயக்கிக் காட்டுவது. பல கருவிகள் பெயரைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான். வெயிலில் கிடந்த கொட்டையைச் சூட்டோடு போட்டால் அளவு தப்பும். மூடிய டப்பாவில் நிழலில் ஆறவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே எடை போட்டு, மூன்று முறை அளந்து சராசரி சொல்லுங்கள். பார்ச்மென்ட்டுக்கு வைத்த அளவுத்திருத்தம், பழமாகவே காயவைக்கும் செர்ரிக்குப் பொருந்தாது. இதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் நம்பிக்கை கூடும்.

அராபிகா பறிப்பு நவம்பரில் தொடங்கும். அக்டோபருக்குள் நாலைந்து தோட்டங்களில் கருவி இருக்க வேண்டும். மார்ச்சில் போய் நின்றால் களத்தைப் பெருக்கி முடித்திருப்பார்கள்.

விலையையும் திருத்துங்கள். உரக்கடைக் கமிஷன், மலை ஏறி இறங்கும் செலவு, பழுதானால் மாற்றித் தரும் கருவி, எல்லாம் 500 ரூபாயில் அடங்காது.

கேள்வி: கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்குச் செயலி எழுதியுள்ளேன். இலவசமாகக் கொடுத்தால் பரவுமா?
— வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: முடியும் தேதி சொல்லாத இலவசம் வேண்டாம் அம்மா, பிறகு காசு கேட்டால் மனத்தாங்கல்தான் வரும். 30 நாள் கொடுங்கள். கொடுத்த வெள்ளி எவ்வளவு, திரும்பிய கொலுசு எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்பதை முதல் திரையிலேயே கிராம் கணக்கில் காட்டுங்கள். பட்டறைக்காரர் நோட்டில் ராத்திரி உட்கார்ந்து தேடுவது அந்த மூன்றைத்தான்.