கால் கட்டைவிரல் சாய்கிறதே, ஆபரேஷன் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 44 வயது. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸில் இருக்கிறேன். இரண்டு காலிலும் கட்டைவிரல் அடியில், உள்பக்கமாக எலும்பு புடைத்து வருகிறது. கடையில் கொடுத்த ஷூவைப் போட்டால் சாயங்காலத்துக்குள் சிவந்து வலிக்கிறது. அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது. எலும்பு வளர்கிறது, செதுக்கி எடுக்கணும் என்கிறார்கள். ஆன்லைனில் விற்கிற கிளிப் மாட்டினால் நேராகுமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: எலும்பு எதுவும் புதிதாக முளைக்கவில்லை அம்மா. கட்டைவிரல் பக்கத்து விரலை நோக்கிச் சாய்கிறது. அதற்குப் பின்னால் பாதத்துக்குள் இருக்கும் எலும்பு எதிர்ப்பக்கம் விலகுகிறது. விலகிய முனைதான் புடைப்பாகத் தெரிகிறது. ஷூ உரச உரச, தோலுக்கடியில் உள்ள நீர்ப்பை வீங்கிச் சிவக்கிறது. மெட்டி போட்ட விரலைக் கட்டைவிரல் நெருக்குவதும் இந்தச் சாய்வால்தான்.

பாதத்தின் வாகு குடும்பத்தில் வருவது. முனை குறுகிய ஷூவும் ஹீல்ஸும் அதைக் கிளறிவிடும்.

கிளிப் மாட்டியிருக்கும்வரை விரல் நேராக நிற்கும், கழற்றினால் பழைய கதைதான். அந்தக் காசைச் செருப்பில் போடுங்கள். சாயங்காலம், கால் லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில், பழைய பேப்பர்மேல் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். ஷூவை அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பாருங்கள். முன்பக்கம் கோடு வெளியே தெரிந்தால், உங்கள் கால் தினமும் படும் பாடு புரிந்துவிடும். விரல் பக்கம் அகலமாக, மேல்பாகம் மெத்தென்று, ஹீல்ஸ் இல்லாமல் வாங்குங்கள். வேலை பார்க்கும் கடையில், அவர்கள் கொடுத்த ஷூவைத்தான் போடவேண்டும் என்றால், டாக்டர் சீட்டோடு போய்ப் பேசுங்கள். கையோடு உட்காரவும் இடம் கேளுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. இன்னும் எத்தனை கடைகளில் ஸ்டூலைக் கண்ணில் காட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்!

வலிக்கும் நாளில் துணியில் சுற்றிய ஐஸை 10, 15 நிமிடம் வையுங்கள். புடைப்பின்மேல் ஜெல் பேட் ஒட்டலாம். சர்க்கரை இருந்தால் கால் ஆணி பிளாஸ்திரியைத் தொடவே வேண்டாம், புண்ணாகிவிடும். ராத்திரியோடு ராத்திரியாகத் திடீரென வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் அது யூரிக் ஆசிட் தொந்தரவாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.

ஷூ மாற்றியும் சில மாதங்களில் வலி அடங்காவிட்டால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி எலும்பு சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள், உங்களுக்குப் பக்கம்தான். நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால்தான் சாய்வு சரியாகத் தெரியும். ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் வெறும் செதுக்கல் இல்லை. எலும்பை வெட்டி, நேராக்கி, ஸ்குரூ போடுவார்கள். வெட்டிய எலும்பு ஒன்றுசேரவே ஆறு வாரமாவது ஆகும், வீக்கம் வடிய மாதங்கள் பிடிக்கும், சிலருக்குத் திரும்பவும் சாயும். அழகுக்காகச் செய்துகொள்ள நான் சொல்லமாட்டேன். நடக்கவே முடியாத வலி என்றால் தாராளமாகச் செய்யலாம். நாள் குறிக்கும் முன், நின்று பார்க்கும் வேலைக்கு எப்போது திரும்பலாம் என்று கேளுங்கள். இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். தீபாவளி சீசனைத் தள்ளியே தேதி வாங்குங்கள்.