ஒரு பெட்டி தக்காளி ஜிடிபியில் எங்கெல்லாம் சேர்கிறது?

கேள்வி: ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் மண்டி நடத்துகிறேன். நான்கு ஏக்கர் தோட்டமும் இருக்கிறது. என் கடையில் மட்டும் நாளொன்றுக்குச் சுமார் ஐந்து லட்சம் ரூபாய்க்குக் காய் கைமாறுகிறது. குரூப் 1 தேர்வுக்குப் படிக்கும் மகன், “நாட்டின் உற்பத்தியில் விவசாயம் 18 சதவீதம்தான், சேவைத் துறை 55 சதவீதம்” என்கிறான். இத்தனை லாரி காய் போகும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை எப்படி நம்புவது? என் மண்டி எந்தத் துறையில் சேரும்? சேவைத் துறைதான் வளர்கிறது என்றால் ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்டலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில்: மகன் சொல்வது சரியான எண்தான். மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கைப்படி 2023-24ஆம் ஆண்டின் மொத்த மதிப்புக் கூட்டலில் வேளாண்மையும் அதைச் சார்ந்த தொழில்களும் 17.7 சதவீதம், தொழில் துறை 27.6, சேவைத் துறை 54.7. ஆனால் எதற்குச் சதவீதம் என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொன்னால், சந்தையில் நிற்கிற யாருக்கும் உங்களுக்கு வந்த சந்தேகம் வரத்தான் செய்யும்.

முதலில் உங்கள் ஐந்து லட்சத்துக்கு வருவோம். அது உங்கள் உற்பத்தி அல்ல. காய் விவசாயியுடையது, வாங்குபவர் வியாபாரி. நடுவில் நின்று ஏலம் விட்டுக் கொடுப்பதற்கு நீங்கள் எடுக்கும் கமிஷன்தான் உங்கள் உற்பத்தி. பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஐம்பதாயிரம். அதிலும் மின்கட்டணம், தொலைபேசி, கடை வாடகை, சீட்டுப் புத்தகம் என்று வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்கியவற்றைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதே நீங்கள் கூட்டிய மதிப்பு. சுமை தூக்குபவர்களின் கூலியையும் கணக்கப்பிள்ளையின் சம்பளத்தையும் கழித்துவிடாதீர்கள். உங்கள் ஆடிட்டர் போடும் லாபக் கணக்கில் அவை செலவு. நாட்டுக் கணக்கில் அவை மதிப்புக் கூட்டலின் ஒரு பகுதி. படித்தவர்களும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

இனி உங்கள் கடைக்கு வரும் 14 கிலோ தக்காளிப் பெட்டி ஒன்றைப் பின்தொடர்வோம். விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் சந்தை விலையைப் போட்டும் பார்க்கலாம்.

பெட்டி ஏலத்தில் 280 ரூபாய்க்குப் போகிறது. உங்கள் கமிஷன் 28 போக விவசாயி கையில் 252. அந்தப் பெட்டிக்கு நாற்று, உரம், பூச்சிமருந்து, சொட்டுநீர்க் குழாய்ப் பராமரிப்பு என அவர் வெளியில் வாங்கியது 104 என்றால், தோட்டம் கூட்டிய மதிப்பு 148. களையெடுத்தவர், பறித்தவர் கூலியெல்லாம் இந்த 148க்குள்ளேயே அடக்கம். மண்டியின் 28 ரூபாயில் செலவு 6 போக 22. பெட்டி சென்னைக்கு லாரி ஏறுகிறது. வாடகை 30, அதில் டீசல், டயர் முதலியவற்றுக்கு 18, போக்குவரத்து கூட்டியது 12. வழியில் ஒரு கிலோ நசுங்கிப் போகிறது. மீதி 13 கிலோவைக் கிலோ 38 ரூபாய் வீதம் விற்றால் 494. வாங்கிய விலையும் லாரி வாடகையும் போக மொத்த வியாபாரிக்கும் சில்லறைக் கடைக்காரருக்கும் நிற்பது 184. அவர்களுடைய கடை வாடகை, மின்சாரம், பை போன்ற செலவு 32ஐக் கழித்தால் வணிகம் கூட்டியது 152.

இப்போது பாருங்கள். குடும்பத் தலைவி கொடுத்த 494 ரூபாயில் வேளாண்மைத் துறையின் கணக்கில் ஏறியது 148, அதாவது சுமார் 30 சதவீதம். மண்டி, லாரி, வியாபாரிகள் மூவரும் சேர்ந்து 186. இவை முழுக்கச் சேவைத் துறை. மீதி 160ஐயும் யாரோ ஒருவர் எங்கோ உற்பத்தி செய்திருக்கிறார். உரத்துக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி உர ஆலை வழியாக உற்பத்தித் தொழிலில் சேரும். மின்கட்டணமும் தொழில் துறைதான். கடை வாடகை ரியல் எஸ்டேட், மறுபடியும் சேவை. டீசலுக்கான கச்சா எண்ணெயில் பெரும்பகுதி இறக்குமதியானது என்பதால் அந்தப் பங்கு நம் ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில், சேரவே சேராது. விவசாயி, மண்டி, லாரி, வியாபாரி ஆகியோரின் கைக்கு வந்த தொகைகளை (252, 28, 30, 494) அப்படியே கூட்டினால் 804 ரூபாய் வரும். 494 ரூபாய்ப் பொருளுக்கு 804 ரூபாய் உற்பத்தி இருக்க முடியாது. ஒரே தக்காளியைத் திரும்பத் திரும்ப எண்ணாமலிருக்கத்தான் இந்த மதிப்புக் கூட்டல் முறை.

ஆக, உங்கள் சந்தையில் புரளும் காயெல்லாம் விவசாயம், அதன் பணம் முழுவதும் விவசாயம் அல்ல. உங்கள் மண்டி வணிகத்தில், அதாவது சேவைத் துறையில் சேரும். நான்கு ஏக்கர் தோட்டம் வேளாண்மையில். மாடு இருந்தால் பாலும் அங்கேதான். வேளாண்மைத் துறை மதிப்பில் கால்நடை வளர்ப்பு மட்டும் ஏறத்தாழ 30 சதவீதம். வீட்டுச் சாப்பாட்டுக்கு நீங்கள் எடுத்து வைக்கும் நெல்லும் கணக்கில் உண்டு, சொந்த வீட்டில் குடியிருப்பதற்கு ஒரு வாடகை மதிப்பிடப்பட்டு அது சேவைத் துறையில் சேர்க்கப்படுவதும் உண்டு. அந்த நெல்லைச் சமைத்துப் போடுபவரின் உழைப்புக்கு மட்டும் இடமில்லை. இதை உலகம் முழுவதும் இப்படித்தான் செய்கிறார்கள், எனக்கு இதில் உடன்பாடு கிடையாது.

இன்னொன்று. உங்கள் ஊர்க் காயில் பெரும்பகுதி கேரளாவுக்குப் போகிறது. பாலக்காட்டிலோ திருச்சூரிலோ விற்கும் கடைக்காரரின் லாபமும் கூலியும் கேரள மாநிலத்தின் உற்பத்தியில்தான் சேரும். நாட்டுக் கணக்கில் இதனால் மாற்றமில்லை, மாநிலக் கணக்கை ஒப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது.

மகனுக்கு: 17.7 என்ற எண்ணின் பக்கத்தில் எப்போதும் இன்னோர் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2023-24 காலமுறைத் தொழிலாளர் ஆய்வின்படி நாட்டின் உழைப்பாளர்களில் 46.1 சதவீதம் பேர் வேளாண்மையில் இருக்கிறார்கள். இரண்டையும் வைத்து வகுத்துப் பார்த்தால், வேளாண்மைக்கு வெளியே உழைப்பவர் ஒருவர் கூட்டும் மதிப்பு வேளாண்மையில் உழைப்பவர் கூட்டுவதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. விவசாயி சோம்பேறி என்று இதற்குப் பொருளல்ல. குறைந்த நிலத்தில் அதிகம் பேர், வருடம் முழுவதும் வேலையில்லை, பருவம் தவறினால் எல்லாமே தவறும் என்பதுதான் பொருள். இந்த 46ஐப் பார்த்து ‘விவசாயம் வேலை கொடுக்கிறது’ என்று மகிழ்வதற்கும் அதிகமில்லை. 2018-19இல் 42.5 சதவீதமாக இருந்தது 2020-21இல் 46.5 ஆயிற்று. நகரத்தில் வேலை போனவர்கள் ஊர் திரும்பியதும் அதில் இருக்கிறது. 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் ஜிடிபி 23.9 சதவீதம் சரிந்ததாக முதலில் மதிப்பிடப்பட்டபோது, வேளாண்மை மட்டும் 3.4 சதவீதம் வளர்ந்திருந்தது. கட்டுமானம் பாதியாகக் குறைந்தது. ஆனால் அந்த 3.4 சதவீத வளர்ச்சியைப் பங்கு போட்டுக்கொள்ள வந்தவர்கள் அதைவிட அதிகம்.

விவசாயத்தின் பங்கு சுருங்குகிறது என்பதால் விவசாயம் சுருங்குகிறது என்று யாராவது எழுதினால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். 1950-51இல் நாட்டின் உற்பத்தியில் பாதிக்கு மேல் வேளாண்மை. அப்போது உணவு தானிய விளைச்சல் சுமார் 5 கோடி டன். 2023-24இல் 33 கோடி டன். விளைச்சல் ஆறு மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது. மற்ற துறைகள் அதைவிட வேகமாகப் பெருகியதால் பங்கு குறைந்தது, அவ்வளவுதான்.

பங்கை வைத்து வளர்ச்சிக்கு யார் எவ்வளவு உதவினார்கள் என்று கண்டுபிடிப்பது சுலபம். பங்கை வளர்ச்சி விகிதத்தால் பெருக்க வேண்டும். 18 சதவீதப் பங்குள்ள துறை 4 சதவீதம் வளர்ந்தால் நாட்டு வளர்ச்சிக்கு அதன் உதவி 0.72 சதவீதப் புள்ளி. 55 சதவீதப் பங்குள்ள துறை 7 சதவீதம் வளர்ந்தால் 3.85. தேர்வில் இதைக் கேட்பார்கள்.

கேட்கக்கூடிய இன்னொன்று, ஜிடிபியும் மதிப்புக் கூட்டலும் ஒன்றா என்பது. எல்லாத் துறைகளின் மதிப்புக் கூட்டலோடு பொருள்கள் மீதான வரிகளைச் சேர்த்து, மானியங்களைக் கழித்தால்தான் ஜிடிபி. 2024 மே இறுதியில் வந்த தற்காலிக மதிப்பீட்டில், 2023-24க்கு மதிப்புக் கூட்டல் சுமார் 268 லட்சம் கோடி ரூபாய், ஜிடிபி சுமார் 295 லட்சம் கோடி. அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டுக்கு முதலில் வெளியான புள்ளிவிவரத்தில் ஜிடிபி 8.4 சதவீதம் வளர்ந்ததாக வந்தது. மதிப்புக் கூட்டல் வளர்ந்ததோ 6.5 சதவீதம்தான். வரி வசூல் உயர்ந்து மானியம் குறைந்ததே அந்த இடைவெளிக்குக் காரணம். தொலைக்காட்சிகள் 8.4ஐ மட்டும் கொண்டாடின. துறைகளைப் பற்றிப் பேசுகிறவர் பார்க்க வேண்டியது 6.5ஐ.

துறைகளின் எல்லைக்கோடும் அவ்வளவு உறுதியானதல்ல. சுரங்கத்தை வேளாண்மையோடு சேர்த்து முதன்மைத் துறையில் வைக்கும் பாடநூல் உண்டு, தொழில் துறையில் வைக்கும் அரசு அறிக்கையும் உண்டு. மகன் கேள்வித்தாளின் சொற்களைப் பார்த்துத்தான் விடை எழுத வேண்டும். ஒரு நூற்பாலை தன் சொந்தக் காவலாளிகளை நீக்கிவிட்டு அதே ஆட்களை ஒரு செக்யூரிட்டி நிறுவனம் மூலம் அமர்த்தினால், அவர்களுடைய சம்பளம் தொழில் துறையிலிருந்து சேவைத் துறைக்குத் தாவிவிடும். வாசலில் அதே ஆள், அதே நாற்காலி. சேவைத் துறையின் பெருக்கத்தில் ஒரு பகுதி இப்படி வந்தது.

விலையும் விளையாடும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். வரத்துக் குறைந்ததால் வந்த விலை அது. நடப்பு விலையில் கணக்கிட்டால், காய் குறைந்த மாதத்திலும் தக்காளியின் மதிப்பு உயர்ந்து நிற்கும். அடிப்படை ஆண்டின், அதாவது ஒப்பிடுவதற்காக மாறாமல் வைத்துக்கொண்ட ஓர் ஆண்டின், விலையை வைத்துக் கணக்கிட்டால் உண்மையான சரிவு தெரியும். பங்கைச் சொல்லும்போது நடப்பு விலை, வளர்ச்சியைச் சொல்லும்போது நிலையான விலை என்பது வழக்கம். அடிப்படை ஆண்டு 2011-12லிருந்து 2022-23க்கு மாறும்போது பங்குகளும் நகரும் என்பதால், நான் மேலே தந்த எண்களைப் புதிய தொடரின் (2022-23ஐ அடிப்படையாகக் கொண்ட கணக்கின்) எண்களோடு கலந்து ஒப்பிட வேண்டாம்.

உங்களைப் போன்றவர்களின் கணக்கு அரசுக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கை கிடைக்கிறது. மண்டி, பெட்டிக்கடை, ஒற்றை லாரி வைத்திருப்பவர் விஷயத்தில் மாதிரி ஆய்வுதான் வழி. 2011-12 தொடரில், 2010-11இல் எடுத்த மாதிரி ஆய்வை அடித்தளமாக வைத்துக்கொண்டு, விற்பனை வரி போன்ற குறியீடுகள் நகர்ந்த அளவுக்கு அந்த எண்ணையும் நகர்த்தினார்கள். சிறு வியாபாரம் படுத்துப் பெருவியாபாரம் மட்டும் ஓடிய ஆண்டுகளில் இந்த முறை சிறியவர்களின் நிலையைச் சரியாகக் காட்டியிருக்க வாய்ப்பு குறைவு என்பது என் கருத்து. புதிய தொடரை நான் வரவேற்பதற்கு முக்கியக் காரணமே ஆண்டுதோறும் எடுக்கப்படும் சிறுதொழில் ஆய்வு.

இனி கிடங்கு. சேவைத் துறை வளர்கிறது என்பதற்காகக் கட்டாதீர்கள். அந்த 54.7 சதவீதத்துக்குள் வங்கியும் மென்பொருள் நிறுவனமும் ரியல் எஸ்டேட்டும் அரசு ஊழியர் சம்பளமும் இருக்கின்றன. உங்கள் கிடங்கோ ‘வணிகம், ஓட்டல், போக்குவரத்து, தகவல் தொடர்பு’ என்ற கூட்டத்தின் ஒரு மூலையில் வரும். அந்தத் தொகுப்பு வளர்ந்தது செல்போன் கட்டணத்தாலா, விமான டிக்கெட்டாலா என்று பொதுவான எண் சொல்லாது.

பார்க்க வேண்டியது உங்கள் சந்தைச் சீட்டில் இருக்கிறது. கடந்த மூன்று நான்கு வருடத்துக்கு, காய் வாரியாக வரத்தும் விலையும் எழுதுங்கள். விலை விழுந்த வாரத்துக்கும் மீண்ட வாரத்துக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று பாருங்கள். பழுத்த தக்காளியை 10 டிகிரிக்குக் கீழே வைத்தால் ருசியும் பக்குவமும் கெடும், அதற்கு மேல் வைத்தாலும் ஓரிரு வாரம்தான் தாங்கும். இடைவெளி அதைவிட நீண்டதானால் தக்காளிக்காகக் கிடங்கு கட்டுவது வீண். புளி, மிளகாய் வற்றல் போன்ற மாதக்கணக்கில் இருக்கும் சரக்கை வைக்க உங்கள் வட்டாரத்தில் வியாபாரிகள் இருக்கிறார்களா, அவர்கள் இப்போது எங்கே வைக்கிறார்கள், மூட்டைக்கு என்ன வாடகை கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அந்த வாடகையிலிருந்து மின்கட்டணத்தைக் கழித்தால் நிற்பது என்ன என்பதுதான் கேள்வி. கிடங்கு கூட்டும் மதிப்பைத் தின்பது பெரும்பாலும் மின்சாரமே.

கணக்கு தேறினால், 2020இல் தொடங்கிய வேளாண் உள்கட்டமைப்பு நிதித் திட்டத்தில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஏழு ஆண்டுகள் வரை 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. கடன் தரும் வங்கியில் உங்கள் திட்டத்துக்கு இப்போது அது கிடைக்குமா என்று கேட்டுவிட்டு இடம் பாருங்கள்.