கல்லூரியில் விக்கிப்பீடியா தொகுப்பு நாள்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: வடசென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியர் நான். மாணவிகள் 40 பேரை வைத்து, தமிழ் விக்கிப்பீடியாவின் அறிவியல் கட்டுரைகளை மேம்படுத்த ஒரு நாள் நிகழ்ச்சி நடத்த ஆசை. லேபில் 25 கணினிகள் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு புதுக் கட்டுரை, மொத்தம் 40 வர வேண்டும் என்கிறார் துறைத்தலைவர். எப்படித் திட்டமிடுவது? பரிசு கொடுக்கலாமா?

பதில்: முதல் வேலையாகத் துறைத்தலைவரிடம் பேசி அந்த 40 கட்டுரை இலக்கைக் கைவிடச் சொல்லுங்கள். முதன்முறையாகத் தொகுக்க (அதாவது விக்கிப்பீடியாவில் எழுத, திருத்த) வருபவர், ஒரே நாளில் எழுதும் புதுக் கட்டுரை பெரும்பாலும் இரண்டு வகையில் அடங்கிவிடும். ஒன்று, ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்தது. இல்லையென்றால் பாடப்புத்தகத்தைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்தது. முதலாவதைப் படிக்க முடியாது. இரண்டாவது பதிப்புரிமை மீறல். திங்கட்கிழமை காலையில் யாரோ ஒரு தன்னார்வலர் உட்கார்ந்து இவற்றை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருப்பார். மாணவிகளும் அதோடு விட்டுவிடுவார்கள்.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதில் உள்ளன. மூன்று வரியோடு நிற்கும் குறுங்கட்டுரைகள், ஒரு மேற்கோள்கூட இல்லாதவை, பத்து வருடத்துக்கு முந்தைய தகவலோடு கிடப்பவை என்று அறிவியல் பக்கத்தில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. உங்கள் 40 பேருக்கு அதுதான் களம்.

இந்த மாதிரி நிகழ்ச்சியின் வெற்றி தோல்வி, நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பே முடிவாகிவிடும் என்பது என் அனுபவம். அதாவது பட்டியல் போடும்போது. இருவருக்கு ஒரு கட்டுரை என்று 20 கட்டுரைகள் போதும் (25 கணினிக்கும் இது சரியாக வரும், ஐந்து படுத்துவிட்டாலும் சமாளிக்கலாம்). வெறும் தலைப்புகளாக எழுதி வைத்தால் அது பட்டியல் ஆகாது. ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன குறை, அதைச் சரிசெய்ய எந்த நூலின் எந்தப் பக்கம் என்பதும் இருக்க வேண்டும்.

ஒரு உதாரணம். அமோனியா பற்றிய ஒரு கட்டுரையில் ‘உரம் தயாரிக்கப் பயன்படுகிறது’ என்று ஒரு வரி மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஹேபர்-போஷ் முறையில் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் இரும்பு வினையூக்கியின் மேல் 400 முதல் 500 டிகிரி செல்சியஸில் உயர் அழுத்தத்தில் சேர்கின்றன என்று இரண்டு வாக்கியம் சேர்க்கலாம், பாடநூல் பக்க எண்ணோடு. அவ்வளவுதான், ஒரு மாணவியின் ஒரு மணி நேர வேலை. உர ஆலை இருக்கும் மணலியிலிருந்து வரும் மாணவிக்கு இதில் தனி ஆர்வம் இருக்கும். ஆனால் ‘எங்கள் தெருவில் இரவானால் நெடி தாங்காது’ என்று அவர் எழுதினால் அது நிற்காது. உண்மையாகவே இருக்கலாம், ஆனால் ஏற்கெனவே வெளியான நம்பகமான ஆதாரம் வேண்டும். சொந்த ஆய்வுக்கும் சொந்த அனுபவத்துக்கும் அங்கே இடமில்லை. இதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள். லேபில் கண்டுபிடித்ததை எழுதலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

மருத்துவக் கட்டுரைகளை முதல் நிகழ்ச்சியில் தொடாதீர்கள். அங்கே ஆதாரத்துக்கான விதிகள் கறாரானவை. ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரையைக் காட்டி ‘இது நோயைக் குணப்படுத்தும்’ என்று எழுதினால், அது அழிக்கப்பட்டுவிட வாய்ப்பு அதிகம். அழிவதும் நல்லதே.

சரி, கணக்குத் தொடங்கும் விஷயத்துக்கு வருவோம். இதில் நானே சூடுபட்டிருக்கிறேன். ஒரு கல்லூரியில் 30 பேரைக் காலை பத்து மணிக்கு உட்காரவைத்து, எல்லாரும் கணக்கு உருவாக்குங்கள் என்றேன். ஆறு பேருக்கு ஆனது. ஏழாவது பெண்ணின் திரையில் சிவப்பாக ஒரு செய்தி. ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஒரு நாளைக்கு ஆறு கணக்குகள்தான் தொடங்க முடியும். லேபின் எல்லாக் கணினிகளும் வெளியே ஒரே முகவரியாகத்தான் தெரியும். மதியம் வரை 24 பேர் மற்றவர்களின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஒரு வாரம் முன்பே, அவரவர் வீட்டில், அவரவர் கைபேசியில் கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள். கல்லூரி முகவரிக்கு அந்த ஒரு நாள் மட்டும் வரம்பைத் தளர்த்தும்படி முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வழி உண்டு. இரண்டையும் செய்து வையுங்கள்.

பயனர் பெயரில் கல்லூரிப் பெயரோ பதிவெண்ணோ வேண்டாம். பத்துப் பேருக்கு ஒரே கணக்கு என்பதும் கூடாது. தொகுத்ததெல்லாம் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் (யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் பக்கம்) காலத்துக்கும் நிற்கும் என்பதால், மாணவிகள் சொந்தப் பெயரைத் தவிர்ப்பது நல்லது என்பேன்.

அதே வாரத்தில் ஆலமரத்தடியில் (அங்கே பொது உரையாடல் பக்கத்துக்கு அதுதான் பெயர்) இன்ன தேதியில் 40 புதியவர்கள் வருகிறார்கள் என்று நாலு வரி எழுதிவிடுங்கள். சொல்லாமல் கூட்டமாக நுழைந்தால் சந்தேகப்படுவார்கள். சொல்லிவிட்டால் அனுபவசாலிகள் இரண்டு பேராவது உதவிக்கு வர வாய்ப்புண்டு.

அன்றைக்கு நேரத்தை எப்படிப் பிரிப்பது? பேச்சு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சிறப்பு விருந்தினர், குத்துவிளக்கு, பொன்னாடை எல்லாம் சேர்ந்தால் பதினொன்றரை ஆகிவிடும், பார்த்திருக்கிறேன். மணல்தொட்டியில் (எழுதிப் பழகுவதற்கென்றே உள்ள பக்கம்) ஒரு மணி நேரம் பழகட்டும். தமிழ்த் தட்டச்சுதான் பலருக்கு முதல் தடங்கலாக இருக்கும். அப்புறம் நேராகக் கட்டுரைக்குப் போகலாம். மேற்கோள் பொத்தானை அழுத்தி ஆய்வுக் கட்டுரையின் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரைக்கும் உள்ள தனி அடையாள எண்) இட்டால், ஆசிரியர், இதழ், ஆண்டு எல்லாம் பெரும்பாலும் தானாக வந்து உட்காரும். இதை முதலில் காட்டுங்கள், முகம் மலர்ந்துவிடும். உங்களுடையது அரசுக் கல்லூரி என்பதால், ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற மத்திய அரசுத் திட்டத்தில் ஆய்விதழ்கள் கிடைக்கின்றனவா என்று நூலகரிடம் முன்பே கேட்டு வையுங்கள். மதியத்துக்கு பிரியாணி வேண்டாம். பிரியாணி சாப்பிட்ட பிறகு மேற்கோள் சேர்த்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆங்கிலக் கட்டுரையிலிருந்து மொழிபெயர்ப்பது தப்பில்லை, உரிமம் அதை அனுமதிக்கிறது. ஆனால் எங்கிருந்து எடுத்தது என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது என்ன மாற்றினோம் என்று எழுதும் பெட்டி) இணைப்போடு சொல்ல வேண்டும்.

எழுத்து வராதவர்களுக்கும் வேலை இருக்கிறது. இரண்டு மாணவிகளை விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அனுப்புங்கள். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று ஒவ்வொரு மீனையும் வெளிச்சத்தில் தெளிவாகப் படமெடுத்து விக்கிமீடியா பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் தளம்) ஏற்றலாம். தாங்களே எடுத்த படமாக இருக்க வேண்டும். கூகுளில் தேடி எடுத்தது கூடாது. விலங்கியல் துறையில் யாரையாவது கேட்டு அறிவியல் பெயரை உறுதிசெய்யுங்கள், ஏனென்றால் இங்கே வஞ்சிரம் என்பதைக் கன்னியாகுமரிப் பக்கம் நெய்மீன் என்பார்கள்.

நிகழ்ச்சி முடிந்தபின் இரண்டு வாரம் வாட்ஸ்அப் குழுவைக் கலைக்காதீர்கள். யாருடைய தொகுப்பாவது நீக்கப்பட்டால் வரலாற்றுப் பக்கத்தில் காரணம் பார்த்து, பேச்சுப் பக்கத்தில் மரியாதையாகக் கேட்கப் பழக்குங்கள். திரும்பவும் அதையே ஒட்டினால் சண்டையில்தான் முடியும்.

துறைத்தலைவருக்கும் நாக் (கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு வழங்கும் அமைப்பு) அறிக்கைக்கும் எண் வேண்டுமே என்றால், விக்கிமீடியாவில் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கென்றே ஒரு டாஷ்போர்டு இருக்கிறது. யார் எத்தனை தொகுப்பு, எத்தனை கட்டுரை என்று அது கணக்குக் காட்டும். அச்செடுத்துக் கொடுத்துவிடுங்கள். சான்றிதழ் எல்லாருக்கும் கொடுக்கலாம். பரிசு ஒன்றே ஒன்று போதும். அதிகம் எழுதியவருக்கு வேண்டாம், காற்புள்ளி சேர்த்துச் சேர்த்தே எண்ணிக்கையை ஏற்றிவிடுவார்கள். கட்டுரையில் இருந்த ஒரு தவறைக் கண்டுபிடித்து ஆதாரத்தோடு திருத்தியவருக்குக் கொடுங்கள்.