தேசிக்காயும் சீனியும் முகத்துக்கு வேண்டாம்

கேள்வி: அக்கா, எனக்கு எண்ணெய்த் தோல், நெற்றி முழுக்கப் பரு. கிழமைக்கு நாலு தரம் சீனியும் தேசிக்காய்ச் சாறும் கலந்து தேய்த்துவிட்டு ரியூசனுக்குப் போகிறேன். முகம் எரிகிறது, கன்னம் கறுக்கிறது. வறண்ட தோலுள்ள தங்கச்சியும் தேய்க்கலாமா?
- வாசகி, கோண்டாவில்

பதில்: அந்தக் கிண்ணத்தை முதலில் குசினிக்கே திருப்பி அனுப்புங்கள் பிள்ளை. சீனிக் குறுணி பருவை உரசிப் புண்ணாக்கும், எங்கள் நிறத் தோலில் புண் ஆறினாலும் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். தேசிக்காய்ச் சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் கொப்புளமே போடும், அதுவும் யாழ்ப்பாணத்து மத்தியான வெயில்! எரிவு அடங்கும்வரை எதையும் தேய்க்காதீர்கள். பிறகு, தோல் துவாரத்து அடைப்பை இளக்கும் சாலிசிலிக் அமிலம் 2 வீதத்துக்கு மேற்படாமல் சேர்ந்த பருப் பூச்சு, இரவில், கிழமைக்கு ஒரு தரம், தாங்கினால் இரண்டு.

தங்கச்சிக்குத் தேய்ப்பே வேண்டாம். இறந்த தோலை உரசாமல் மெல்ல நீக்கும், வீரியம் குறைந்த லாக்டிக் அமிலப் பூச்சு கிழமைக்கு ஒருமுறை போதும். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை வேறு தோலைக் காயவைக்கும், அதனால் கழுவிய ஈரம் காயமுன் கிறீம் பூசச் சொல்லுங்கள். பகலில் இருவருக்கும் எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்கிரீன் கட்டாயம். பயற்றம் மாவா? நைசாக அரித்துக் குழைத்துப் பூசிக் கழுவலாம், உரசக் கூடாது. பரு சீழ் வைத்தால் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.